ஆறின காப்பியும் குணச்சாவியும்

குலசேகரனை முதலில் அடையாளம் தெரியாமல் போனது லிஃப்டுக்குத்தான்.

ஒரு கையில் பால் பாக்கெட்டும் மறு கையில் கொத்தமல்லிக் கட்டுமாகக் கீழ்த்தளத்தில் ஏறி, வழக்கம்போல் "நாலு" என்றார். லிஃப்ட் கொஞ்சம் யோசித்தது. பிறகு, அரசு விழாக்களில் வரவேற்புரை வாசிக்கும் பெண்ணின் குரலில், "மன்னிக்கவும். தாங்கள் இந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராகத் தெரியவில்லை" என்றது.

"பரவாயில்லம்மா, நான் நடந்தே போய்க்கிறேன்" என்றார் குலசேகரன்.

அதுதான் அவர் செய்த தவறு. போன வருடத்துக் குலசேகரனாக இருந்திருந்தால் லிஃப்டை ஓர் உதை விட்டிருப்பார். அதைத் தயாரித்த கம்பெனி, அதை வாங்கிய சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஓட்டுப்போட்ட முட்டாள்கள் என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை திட்டியிருப்பார். லிஃப்டும் "ஓ, நம்ம ஆள்" என்ற நிம்மதியில் அவரை மேலே கொண்டுபோய் விட்டிருக்கும்.

நடப்பது இன்னொரு காலம் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். அடையாள எண், கைரேகை, கண்பாவை எல்லாவற்றையும் அரசாங்கம் மூட்டைகட்டிப் போட்டுவிட்டிருந்தது. எண்ணைத் திருடினார்கள், ரேகையை ரப்பரில் வார்த்து விற்றார்கள். கடைசியில் குணப்பதிவகம் என்றொரு துறை பிறந்து, "மனிதனின் குணமே அவனுடைய சாவி, குணத்தை யாரால் திருட முடியும்?" என்று கேட்டது. கேள்வி நன்றாக இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு குடிமகனையும் ஓர் அறைக்குள் ஆடுகிற நாற்காலியில் உட்காரவைத்து, ஆறிப்போன காப்பி கொடுத்து, காரணம் சொல்லாமல் காக்கவைத்து, அவர் என்ன செய்கிறார் என்று அளந்தார்கள். அளந்ததை அரைத்து ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள பெட்டியில் அவருடைய வீடு, வங்கி, வைத்தியம், கல்யாணம் எல்லாவற்றையும் போட்டு வைத்தார்கள். பெட்டி என்றால் இரும்புப் பெட்டி இல்லை; கணினிக்குள் ஓர் இடம். அதன்பிறகு லிஃப்டோ ரேஷன் கடையோ, எதிரில் நிற்பவரின் பேச்சையும் நடையையும் மூச்சையும் மோப்பம் பிடித்து, அதே எண்ணைக் கணக்கிட்டு, நேராக அவர் பெட்டிக்குப் போய்விடும்.

குலசேகரன் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்தவரை குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினார். ஓய்வுக்குப் பிறகு அதையே வீட்டில் இலவசச் சேவையாகத் தொடர்ந்தார். சாம்பார், திரைச்சீலை, மருமகன் தும்மும் விதம் எதுவும் அவருடைய பரிசோதனையில் தேறியதில்லை. அவர் மனைவி மங்கையர்க்கரசி எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பார். அந்த வீட்டில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தேய்மானம் அதிகம்.

பிறகு நெஞ்சில் வலி வந்து, அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "சார், உங்க உடம்புல இதயத்துக்கும் கோபத்துக்கும் சேர்த்து இடமில்லை. ஏதாவது ஒண்ணை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

குலசேகரன் நன்றாக யோசித்து இதயத்தை எடுத்துக்கொண்டார்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் சாம்பாரைப் பற்றி எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள் "நல்லா இருக்கு" என்றார். மங்கையர்க்கரசி பயந்துபோய், மாத்திரையின் பக்கவிளைவா என்று டாக்டருக்கு போன் செய்து கேட்டார். டாக்டர் வாழ்த்தினார். வீட்டில் நிம்மதி குடியேறியது. நாளடைவில் பழைய குலசேகரனின் எண்ணுக்கும் புதிய குலசேகரனின் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. அது அவர்களுக்குத் தெரியாது. லிஃப்ட் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று மாலையே குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் வைகுண்டராஜன் வந்துவிட்டார். வேறு யாரும் மனுப் போடாததால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 'மக்கள் என்மேல் வைத்த நம்பிக்கை' என்று அதைக் குறிப்பிடுவார். இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி. மறுமுனையில் யாரும் இருப்பதில்லை. கதவைத் திறந்தது குலசேகரன். வைகுண்டராஜன் அவருக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, "மேடம், உங்க வீட்ல பதிவில்லாத ஆண் ஒருத்தர் தங்கியிருக்கறதா லிஃப்ட் ரிப்போர்ட் பண்ணியிருக்கு" என்றார்.

"வைகுண்டராஜன், நான்தான்" என்றார் குலசேகரன்.

"தெரியுது சார். எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? லிஃப்டுக்குத் தெரியலையே."

"போன வாரம்தானே நாம ரெண்டு பேரும் ஷட்டில் ஆடினோம்?"

"தனிப்பட்ட முறையில நீங்க குலசேகரன்தான் சார், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. சங்கத் தலைவர்ங்கற முறையில நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. மேடத்தோட கணவர் அவர் பெட்டியில பத்திரமா இருக்கார். அவர் வீட்ல நீங்க எதுக்கு லுங்கியோட நிக்கிறீங்கன்னு நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"யார் அந்த நாலு பேர்?" என்றார் மங்கையர்க்கரசி.

"செயற்குழு மேடம். தீர்மானம் போட்டாச்சு. மாசக் கடைசிக்குள்ள பதிவைச் சரிபண்ணணும். இல்லைன்னா இவர் வெளியேறணும்."

"அவர் போனா நானும் போவேன்."

"நீங்க போக வேண்டாம் மேடம். உங்க நடத்தை மேல லிஃப்டுக்கு எந்தப் புகாரும் இல்லை."

பழைய குலசேகரன் இந்த இடத்தில் வைகுண்டராஜனின் வாக்கி டாக்கியை மாடியிலிருந்து எறிந்திருப்பார். பிரச்சினையும் அங்கேயே தீர்ந்திருக்கும். புதிய குலசேகரன், "உட்காருங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார்.

குணப்பதிவகத்தின் வாசலில், ஆள் உயரப் பொன்னெழுத்தில், 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று எழுதியிருந்தது. அந்தத் துறையின் தத்துவம், தொழில்நுட்பம், சட்டம் மூன்றும் அந்த ஒரு வரிதான். மனிதக் குணம் மாறாது என்பது பழமொழியிலேயே இருப்பதால் தனியாக ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை என்று திறப்புவிழாவில் பெருமையாகச் சொன்னார்கள். விழாவுக்கு வந்த அமைச்சர் தேர்தலுக்கு ஒரு கட்சி என்று மாறி வந்தவர். ஒவ்வொரு முறையும் இயந்திரம் அவரைக் கண நேரத்தில் கண்டுபிடித்தது. அவருடைய குணத்தில் எந்த மாற்றமும் இல்லை என்று அச்சடித்தும் கொடுத்தது. அதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டுமா?

கஷ்டப்பட்டதெல்லாம் திருந்தியவர்கள்தான். குடியை விட்டவர்கள் உள்ளே போகுமுன் ஒரு தடவை குடித்துவிட்டுப் போக வசதியாக எதிரிலேயே ஒரு மதுக்கடை இருந்தது. கூச்சத்தை விட்டு வக்கீலான ஒரு பெண் மரத்தடியில் நின்று, தரையைப் பார்த்துத் திக்கிப் பேசப் பழகிக்கொண்டிருந்தார். கருமியாக இருந்து கொடையாளியான ஒருவர், உள்ளே போகும் அவசரத்தில், ஆட்டோக்காரரிடம் சில்லறைக்காக உருக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒரு தாய் தன் மகனிடம், "இருக்கற மாதிரியே இருந்து தொலைடா. நல்லவனா கில்லவனா ஆகி என்னை அலையவிடாதே" என்றார்.

குலசேகரனும் மங்கையர்க்கரசியும் உள்ளே போனபோது, இயக்குநர் முனைவர் ஞானவடிவேலன் குளிர்பதன அறையில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிருக்கு என்று சிலர் சொன்னார்கள். பேசினால் மேடையில் பேசுவதுபோலவே பேசுவார்; மைக் மட்டும்தான் இல்லை.

"பிழை இயந்திரத்தினுடையதன்று அம்மையே. தங்கள் கணவர் மாறிவிட்டார். மாறுவதற்கு முன் துறைக்கு அறிவித்திருக்க வேண்டும்."

"மாறப்போறோம்னு முன்னாடியே எப்படி சார் தெரியும்?" என்றார் குலசேகரன் பணிவாக.

"விதியில் இருக்கிறது."

பக்கத்து மேசையில் இருந்த பொறியாளர் பெனாசிர் நாற்காலியைத் திருப்பினார். இயக்குநர் பேசியதைத் தமிழில் மொழிபெயர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. "அம்மா, நீங்க மிக்ஸியில தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய் போட்டு அரைக்கிறீங்க. அதே சாமான், அதே அளவுன்னா எத்தனை தடவை அரைச்சாலும் அதே சட்னிதானே?"

"ஆமா."

"ஒரு மிளகாய் குறைஞ்சா?"

"வேற சட்னி."

"இங்க மனுஷங்களை அரைக்கிறோம், அவ்வளவுதான். சார் முதல்ல வந்தப்ப மிளகாய் ஏகத்துக்கு இருந்துது. அந்தச் சட்னிக்கு எந்தப் பெட்டியோ அதுல அவரைப் போட்டு வச்சோம். இப்ப மிளகாயே காணோம். மிஷின் புதுச் சட்னியைப் பாத்து வேற பெட்டிக்குப் போகுது. அது காலி."

"அப்ப பழைய பெட்டி?"

"அது அங்கேயேதான் இருக்கு. சாரும் அதுக்குள்ள அப்படியே இருக்கார். தொலையலை. போற வழிதான் தொலைஞ்சுபோச்சு."

"ஒவ்வொரு பெட்டியா திறந்து இவர் முகம் எதுல இருக்குன்னு தேடிப் பாக்கக் கூடாதா?"

ஞானவடிவேலன் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தேடுதல் என்ற சொல்லே இக்கட்டடத்தில் கிடையாது அம்மையே. இனி இந்த மாநிலத்தில் எவரையும் தேட வேண்டியதில்லை என்று அமைச்சர் பெருமகனார் திறப்புவிழாவிலேயே அறிவித்துவிட்டார்."

"தேடினா கிடைக்கும்மா," என்றார் பெனாசிர். "தேடினா அவர் சொன்னது தப்புன்னு ஆயிடும். அதான் தேடறதில்லை. வேற வழி இருக்கு. சார் ஒரே ஒரு தடவை பழைய சாரா உள்ள வரணும். அப்ப பெட்டி தானா திறக்கும். உள்ள இருக்கறதை நான் வெளிய எடுத்துடுவேன். எடுத்த பிறகு சார் எப்படி மாறினாலும் கவலையில்லை. புதுசா அளந்து புதுப் பெட்டியில போட்டுடலாம். எடுத்துட்டு மாறணும். மாறிட்டு எடுக்க வந்தாத்தான் இந்தத் தொல்லை."

"டாக்டர் கோபப்படவே கூடாதுன்னிருக்காரே."

"நிஜமா வேண்டாம்மா. நடிச்சாப் போதும். வெளிய குடை போட்டுட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், அவரைப் பாருங்க."

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதுபவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல, குணப்பதிவகத்துக்கு எதிரில் 'பழைய குணப் பயிற்சி' கொடுப்பவர்கள் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஜெயசீலன், முன்னாள் சின்னத்திரை வில்லன். தொடர்களில் இவர் கையால் விஷம் வாங்கிக் குடிக்காத மாமியார் இல்லை.

"சாருக்கு எந்தக் கோபம்?" என்று விசாரித்தார், தையற்காரர் துணியைத் தடவிப் பார்க்கும் தோரணையில். "சாமானை எறியற கோபமா, பல்லைக் கடிக்கற கோபமா, சாப்பிடாம படுத்துக்கற கோபமா?"

"விளக்கம் சொல்ற கோபம்" என்றார் மங்கையர்க்கரசி.

"ஐயோ, அது கஷ்டமாச்சே. வசனம் ஜாஸ்தி." ஜெயசீலன் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "சார், என் முகத்தைப் பாருங்க. புருவத்துல ஆரம்பிக்கணும். இடது புருவம். அப்படியே மூக்கு. மூக்கு விரியுது பாருங்க. இப்ப குரலை அடிவயித்துலேருந்து கொண்டு வாங்க. யாரங்கே!"

"யாரங்கே" என்றார் குலசேகரன், வழி கேட்பவர்போல.

"கூப்பிடலை சார். மிரட்டணும்."

ஒரு மணி நேரப் பயிற்சியில் குலசேகரனின் புருவம் ஓரளவு தேறியது. மங்கையர்க்கரசி குடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கணவருக்கு ஒருவர் கோபப்படச் சொல்லிக்கொடுப்பதையும், அது அவருக்கு வராமல் போவதையும் பார்க்க அவருக்கு ஏனோ மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அளக்கும் அறைக்குக் குணமண்டபம் என்று பெயர். கண்ணாடிச் சுவர், ஆடுகிற நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி, காகிதக் கோப்பையில் ஆறின காப்பி. குலசேகரன் ஒரு வாய் குடித்தார். புருவத்தை ஏற்றினார். மூக்கை விரித்தார். "யாரங்கே! இதற்குப் பெயர் காப்பியா? ஹா ஹா ஹா!" என்றார்.

இயந்திரம் உடனே விழித்துக்கொண்டது. "பெட்டி திறந்தது. உள்ளே இருப்பவர் ஜெயசீலன். முகம் ஒப்பிடப்படுகிறது. முகம் வேறு. இவர் அவரல்லர்."

கண்ணாடிக்கு வெளியே ஜெயசீலன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "என்னை அப்படியே பிடிச்சிருக்கார் மேடம். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு மாணவன் கிடைச்சதில்லை."

"எண்ணு ஒண்ணா வந்துட்டா ஆளும் ஒண்ணுன்னு ஆயிடாது சார்" என்றார் பெனாசிர் அலுப்புடன். "அதுக்குத்தான் பெட்டியைத் திறந்ததும் முகத்தை ஒப்பிட்டுப் பாக்கறோம். இல்லைன்னா இன்னிக்கு இவர் உங்க வீட்டுக்குப் போயிருப்பார்."

குலசேகரன் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். "எனக்கு வரலை மங்கை. கோபம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. விடு, நான் எங்கேயாவது ரூம் எடுத்துக்கிறேன்." குரலில் வருத்தத்தைவிடக் கொஞ்சம் பெருமைதான் இருந்தது.

மங்கையர்க்கரசி யோசித்தார். முப்பது வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்தினால் சில விஷயங்கள் தெரியும். குலசேகரனுக்கு ஆறின காப்பியைக் கண்டு கோபம் வந்ததே இல்லை. அதை ஒருவர் ஏற்றுக்கொள்வதைப் பார்த்தால்தான் வரும். இது மங்கையர்க்கரசிக்குத் தெரியும். இவ்வளவு காலம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத அறிவு. இன்று பயன்படட்டும் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். குலசேகரன் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"பரவாயில்லையே" என்றார். "குடிக்கலாம்."

குலசேகரனின் காது மடல் லேசாக அசைந்தது.

"குடிக்கலாமா?" என்றார் மெதுவாக.

கண்ணாடிக்கு மேல் இருந்த விளக்கு பச்சையானது. "பெட்டி திறந்தது. உள்ளே இருப்பவர் குலசேகரன். முகம் பொருந்துகிறது. வணக்கம்" என்றது இயந்திரம். பெனாசிரின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. ஞானவடிவேலன் கைதட்டத் தயாரானார்.

குலசேகரன் பச்சை விளக்கைப் பார்த்தார். அவர் பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர் தொடர்ந்தார்.

"தள்ள வேண்டியதைப் பரவாயில்லைன்னு எடுத்துக்கறது. அது உங்க குடும்ப வியாதி. பொண்ணு பாத்துட்டு நாங்க கிளம்பறப்ப உங்கப்பா வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னார்? 'மாப்பிள்ளை பரவாயில்லை, சுமார்'னு சொன்னார். என் காதுல விழுந்துது. சுமார்! அன்னிலேருந்து பாக்கறேன், உங்க வீட்ல வந்த ஒரு சாமான், ஒரு சாம்பார், ஒரு பேச்சு உருப்படியா இருந்திருக்கா? ஒரு வருஷமா நான் வாயைத் திறக்கலை. உடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டியா? நல்லா இருக்குன்னு சொன்னேனே, அது உன் சாம்பாருக்குச் சொன்னதில்லை. டாக்டருக்குச் சொன்னது."



"எடுத்தாச்சு சார்" என்றார் பெனாசிர், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பழைய பெட்டி காலி. நீங்க நிறுத்தலாம்."

குலசேகரன் நிறுத்தினார். முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நடிப்புதான் மங்கை" என்றார்.

ஜெயசீலன் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "இதுக்கு நான் ஒண்ணும் சொல்லித்தரலைம்மா" என்று மங்கையர்க்கரசியிடம் சொல்லிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மீதி வேலை சுலபமாக முடிந்தது. புதிய குலசேகரனுக்கு இன்னொரு ஆறின காப்பி கொடுத்தார்கள். அவர் குற்ற உணர்ச்சியோடு கடைசிச் சொட்டுவரை குடித்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எண் கணக்கானது, புதுப் பெட்டி ஒதுக்கப்பட்டது, அவருடைய வங்கியும் வைத்தியமும் உள்ளே போயின. கல்யாணம் மட்டும் வாசலில் நின்றது.

"இது ஒரு சம்பிரதாயம்தான்" என்றார் ஞானவடிவேலன். "அம்மையாரும் ஒருமுறை அமர்ந்து, 'இவர் என் கணவர்' என்று உறுதிசெய்துவிட்டால் போதும். அம்மையாரின் பதிவில் எந்தச் சிக்கலும் இல்லை. இன்று காலைகூட லிஃப்ட் அவரை அடையாளம் கண்டிருக்கிறது."

மங்கையர்க்கரசி உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. அவர் எழுந்து நின்றார்.

"வேற நாற்காலி போடுங்க."

"அதுதான் அளக்கும் நாற்காலி அம்மையே."

"அளக்கறதுக்கு நாலு கால் இருக்கற நாற்காலி ஆகாதா? போடுங்க." போட்டார்கள். காப்பி வந்தது. அவர் கோப்பையைத் தொட்டுப் பார்த்துத் தள்ளிவைத்தார். "இது ஆறிப்போச்சு. சூடா கொண்டு வாங்க. அந்த ஃபேனுக்கு யாராவது எண்ணெய் போடுங்க."

இயந்திரம் எண்ணைக் கணக்கிட்டது. பிறகு, "பெட்டி காலி" என்றது.

பெனாசிர் எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்தார். "அம்மா, காலையில லிஃப்டுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க எப்ப மாறினீங்க?"

"இப்பத்தான்" என்றார் மங்கையர்க்கரசி. "பச்சை எரிஞ்ச பிறகு."

குலசேகரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, எதைச் சொன்னாலும் எந்தப் பெட்டி திறக்குமோ என்று மூடிக்கொண்டார்.

"ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை" என்றார் ஞானவடிவேலன். "அம்மையார் பழைய குணத்துக்கு ஒரே ஒரு நிமிடம் திரும்பினால் போதும். கோபம்போலக் கடினமான குணமுமன்று. அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுச் 'சரிங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும்."

"சொல்ல மாட்டேன்."

"ஒரு சொல்தானே அம்மையே."

"ஒரு சொல்தான் சார். தேஞ்சுபோச்சு."

"அப்போது தங்கள் பழைய பதிவை வெளியே எடுக்க இயலாதே. அந்த மங்கையர்க்கரசி அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடப்பார்."

"கிடக்கட்டும். அவளுக்கு அது பழக்கம்தான். எனக்குப் புதுசா ஒண்ணு போட்டுக் கொடுங்க."

பெனாசிர் இயக்குநரின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. காப்பி இல்லாமலேயே அளந்தார். புதிய மங்கையர்க்கரசி புதுப் பெட்டியில் பதிவானார். நாலாம் மாடி வீடு முதலிலிருந்தே அவர் அப்பா எழுதிவைத்த வீடு என்பதால், வாரிசு மூலம் அதுவும் வந்து சேர்ந்தது. கணவர் என்ற இடத்துக்கு மட்டும் நேராக எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதை இயந்திரம் ஒரு சின்னக் கோடாகப் போட்டுக் காட்டியது.

"ஆக, சட்டப்படி தாங்கள் இருவரும்..." என்று ஞானவடிவேலன் இழுத்தார். பொன்னாடை நழுவி விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"யாரோ" என்றார் பெனாசிர். "கல்யாணம் பண்ணிக்கலாம். ரெண்டு பேரும் இப்ப தனியாள்தான். இதே கவுன்ட்டர்லேயே பதியலாம்."

குலசேகரன் நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப இப்பவே..."

"அதெப்படி?" என்றார் மங்கையர்க்கரசி. "ஒரு முறைன்னு இல்லையா? முதல்ல பொண்ணு பாக்க வரட்டும். அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்."

அந்த வாரம் முழுக்கக் குலசேகரன் சங்கத்தின் விருந்தினர் அறையில் தங்கினார். விருந்தினர்களை நீண்ட நாள் தங்கவிடாதபடி வடிவமைக்கப்பட்ட அறை அது. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. லிஃப்ட் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பேர் சொல்லி வணக்கம் சொன்னது. ஆனால் நாலாம் மாடிக்கு மட்டும், "தங்களுக்கு அங்கே யாரும் இல்லை" என்றது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தாம்பாளத்தில் பூவும் பழமுமாக வந்தார். மாப்பிள்ளை வீட்டாராக வைகுண்டராஜன் கூட வந்தார். தீர்மானம் போட்டதற்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தாரோ, பஜ்ஜி இருக்கும் என்று நினைத்தாரோ. வாக்கி டாக்கியை அணைத்து வைத்திருந்தார். இருவரும் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்கள். அது தன்னுடைய சோபா என்பது குலசேகரனுக்கு நினைவு வந்தது. அதை வாங்கியபோது கடைக்காரரை அழவைத்ததும் நினைவு வந்தது.

மங்கையர்க்கரசி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். தலையைக் குனியவில்லை.

"பையனுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் குலசேகரன்.

"சமையல்?"

"தெரியாது. குறை சொல்லத் தெரியும்."

வைகுண்டராஜன் மாப்பிள்ளையின் தொடையைக் கிள்ளினார். பிறகு சூழ்நிலையைச் சமாளிக்க, "மாப்பிள்ளை எப்படி மேடம்? பிடிச்சிருக்கா?" என்றார்.

மங்கையர்க்கரசி குலசேகரனை மேலிருந்து கீழாக ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார். "சுமார்."

வைகுண்டராஜனுக்கே விபரீதம் புரிந்துவிட்டது. குலசேகரனின் காது மடல் அசைந்தது. அவர் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். 

"சுமார்தான்" என்றார் கடைசியில். "உங்கப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார்."

பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"காப்பி ஆறிப்போச்சு மங்கை. நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். டிகாக்ஷன் எங்க வச்சிருக்கே? நான் சூடா போட்டுக் கொண்டு வரேன். மூணு பேருக்கும்."

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். உள்ளே பாத்திரங்கள் தெரியாத கையில் மாட்டிக்கொண்டு இடிபடும் சத்தம் கேட்டது. மங்கையர்க்கரசி எழுந்து உதவப் போகவில்லை. தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

வைகுண்டராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார். "மேடம், இது பழைய சாரும் இல்லை, போன வாரம் பதிஞ்ச சாரும் இல்லை. மறுபடி மாறிட்டார்போல இருக்கே. நாளைக்கு லிஃப்ட் மறுபடி இவரை ஏத்தாதே?"

"நாலு மாடிதானே," என்றார் மங்கையர்க்கரசி. "படியில ஏறி வரட்டும்."